ஊற்றின் தலைமாட்டில்

நீலகிரியில் ஓர் ஓடை எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் அருவியைக் காட்டுவார்கள்; சிலர் அணையைக் காட்டுவார்கள். அது பிறக்கும் இடம் இரண்டுக்கும் வெகு மேலே, மலைச்சரிவுகள் வந்து சேரும் மடிப்பில் இருக்கிறது. அந்த மடிப்பில் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும். கிளைகளில் பாசி படர்ந்திருக்கும். கீழே இலைமக்கு மெத்தென்று கிடக்கும். கையை உள்ளே விட்டால் கோடையிலும் ஈரம் தட்டும். அந்த ஈரம் கசிந்து, கூடி, சற்றுத் தள்ளி ஒரு கல்லிடுக்கில் ஓசையில்லாமல் வெளிவரும். அதுதான் ஊற்றுக்கண். கோத்தகிரிப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்குக் குடிநீர் இப்படிப்பட்ட ஊற்றுகளிலிருந்துதான் குழாய் வழியே இறங்குகிறது.

அவற்றைப் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். எங்கள் குழுவில் சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், ஜீப் ஓட்டுபவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரை, களைக்கொத்து, அரிவாளோடு கிளம்புவோம். பல ஆண்டுகள் இந்த வேலையில் கை வைத்தபின் எனக்குத் தெளிவான ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்: நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்பதில் மரம் நடுவது சிறு பங்கு. களைவதும், களைந்த இடத்துக்கே ஆண்டுதோறும் திரும்பிப் போவதும்தான் பெரும்பங்கு.

சோலையும் புல்லும்

இந்த மலையின் நீர்க்கணக்கைப் புரிந்துகொள்ளாமல் இங்கே மண்வெட்டியைத் தொடக்கூடாது. மேட்டில் புல், மடிப்பில் சோலை, அடியில் சதுப்பு. மூன்றும் சேர்ந்தால்தான் ஓடை வற்றாது. புல்லின் அடர்ந்த வேர் மழையை மண்ணுக்குள் இறக்குகிறது. சோலையின் கிளையும் பாசியும் மூடுபனியைக்கூடப் பிடித்துச் சொட்டவைக்கின்றன. சதுப்பு வந்த நீரைத் தேக்கிவைத்து, மழை நின்று மாதங்கள் கழித்தும் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

புல்வெளியைப் பார்த்தவர்களுக்கு அது காடழிந்த தரிசாகத் தெரிந்தது. அப்படி நினைத்துத்தான் பிரிட்டிஷ் காலம் தொட்டு அங்கே கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் (வாட்டில்) நட்டார்கள். புல் இந்த மலையின் பழங்குடி என்பதற்குச் சான்று சதுப்பிலேயே கிடக்கிறது. ஆர். சுகுமாரும் அவரோடு பணியாற்றிய ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் கரிமண் படிவைச் சோதித்து 1993இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டு வரலாற்றைப் படித்த அந்த ஆய்வு, மனிதர் இங்கே கோடாரி தூக்குவதற்கு வெகு முன்பே புல் பரந்திருந்ததைக் காட்டியது.

புல்லை மரமாக்கினால் நீருக்கு என்ன ஆகும் என்பதையும் அளந்திருக்கிறார்கள். உதகையிலுள்ள மத்திய மண்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கனில் அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது. மற்றதில் 1972இல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டது. முதல் பத்தாண்டுகளில் நட்ட பகுதியின் நீர்வரத்து சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. ‘எங்கே மரம் நடலாம்’ என்று ஆர்வத்தோடு வரும் புதியவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இது மலைமேல் இருப்பவர்களின் கவலை மட்டுமல்ல. எங்கள் பக்கத்து ஓடைகளில் சில வடக்கே மாயாற்றுக்கும், சில தெற்கே பவானிக்கும் இறங்குகின்றன. இரண்டும் பவானிசாகர் அணையில் சேர்கின்றன. அங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் நெல் விளைவிப்பவரும் எங்கள் ஊற்றுக்கண்ணின் பங்காளிதான்.

நீர் இறங்கும் வழி கெட்டால் மலையும் தாங்காது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரிப் பக்கமெல்லாம் மண் சரிந்தது. வீடுகளும் உயிர்களும் போயின. செங்குத்தாக வெட்டிய சரிவும் அடைத்த நீர்வழியும் எத்தனை ஆபத்தானவை என்பதை அந்த நாளைப் பார்த்த எவரும் மறக்கவில்லை.

களையும் கலை

களை எடுப்பதை எவரும் செய்யலாம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு குணம் உண்டு. அதை அறியாமல் வெட்டினால் ஒன்று பத்தாகும்.

உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கு மேலே அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து புதர் இன்னும் அடர்ந்து வரும். தோண்டி எடுத்தால் மண் கிளறி, புதைந்திருந்த விதையெல்லாம் வெளிச்சம் பார்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபுவும் உடன் ஆய்வாளர்களும் கார்பெட் காட்டில் இதற்கு ஒரு வழி கண்டு 2009இல் வெளியிட்டார்கள். தண்டு வேரோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில், முதன்மை வேரை ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். தழைக்கும் பகுதி செடியோடு வந்துவிடும். மண்ணும் அதிகம் கலையாது. பிறகு செடியைத் தலைகீழாகச் சாய்த்துவைத்தால் வேர் காய்ந்து சாகும். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியை மட்டும் அடுத்தடுத்த மழைக்குப் பின் தேடிப் பார்க்க வேண்டும். அவை தின்று போட்ட விதை முளைப்பது அங்கேதான்.

சோலைக்குள் நுழைந்து கெடுப்பதில் செஸ்ட்ரம் முதன்மையானது. ஆரஞ்சு நிறப் பூவோடு அழகுச் செடியாக வந்தது. நிழலிலும் வளரும், ஓடைக்கரையின் ஈரத்தை விரும்பும், கனியைப் பறவைகள் பரப்பும். வெட்டிப் போட்ட தண்டு ஈரமண்ணில் பட்டால் அதுவே வேர்விடும். ஆகவே வேரோடு பிடுங்கி, மண்ணில் படாதபடி கிளைகளின் மேல் போட்டு உலரவைப்போம். பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடி, அதன்மேல் இலைச்சருகைத் தள்ளிவிடுவோம். திறந்த மண் வந்து பார்க்கும் முதல் களைக்கு இடம் கொடுத்துவிடும்.

சீகைதான் மிகப் பெரிய பாடம். தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த மரம். மரத்தை வெட்டுவது எளிது. அடியில் கிடக்கும் விதையை வெட்ட முடியாது. தடித்த தோலுள்ள அந்த விதை மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெளிச்சமும் வெப்பமும் படும்போது, முக்கியமாகத் தீ ஓடிய பிறகு, நாற்றங்கால் போட்டதுபோல முளைக்கும். முதல் ஆண்டில் நல்ல மழைக்கு மறுநாள் போனால் இரண்டு விரலால் பிடுங்கலாம். இரண்டாம் ஆண்டில் களைக்கொத்து வேண்டும். மூன்றாம் ஆண்டும் போகாவிட்டால் மறுபடி கோடாரிதான். மீண்டும் விதை, மீண்டும் தொடக்கம். எந்திரம் வைத்துப் பல ஏக்கரை ஒரே வாரத்தில் வெட்டிவிடலாம். தொடர்ந்து போய்ப் பிடுங்குவதற்கு மனிதக் கைதான் வேண்டும்.

எல்லாச் சீகையையும் ஒரேயடியாக வெட்டுவதும் சரியல்ல. சோலையை ஒட்டிய முதிர்ந்த சீகையின் நிழலில் சோலை மரங்களின் இளங்கன்றுகள் தாமாகவே எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். கொடைக்கானல் வட்டக்கானலில் சோலை நாற்றங்கால் வளர்த்த ராபர்ட் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் இதைப் பல ஆண்டுகள் எடுத்துச் சொன்னார்கள். அத்தகைய இடத்தில் மேலேயுள்ள மரத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கன்றுகளுக்கு வெளிச்சம் பழகப் பழக நிழலை விலக்க வேண்டும். புல்வெளிக்குள் புகுந்த சீகைக்கு இந்தச் சலுகை இல்லை. அங்கே அது வேரோடு போயாக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? புதர் மண்டிய இடத்தைப் பார்த்ததும் அங்கேதான் கை துறுதுறுக்கும். சீகை பிறந்த ஆஸ்திரேலியாவிலேயே இதற்கு நல்ல விடை உண்டு. சிட்னியில் ஜோன், எய்லின் பிராட்லி என்ற சகோதரிகள் தங்கள் வீட்டருகே இருந்த புதர்க்காட்டைக் கையால் களைந்து ஒரு முறையை வகுத்தார்கள். நன்றாக இருக்கும் இடத்திலிருந்து தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கிப் போ, மண்ணைக் கலைக்காதே, உள்ளூர்ச் செடி எவ்வளவு வேகத்தில் மீள்கிறதோ அவ்வளவு வேகத்தில் மட்டும் முன்னேறு. நாங்களும் ஊற்றுக்கண்ணில் தொடங்கி வெளிநோக்கிக் களைகிறோம். காப்பாற்ற வேண்டியது முதலில் காப்பாற்றப்படுகிறது. மீதி நிலத்துக்கு அதுவே விதை கொடுக்கிறது.

நாற்றங்காலின் பொறுமை

நட வேண்டிய இடங்களும் உண்டு. மண் சரிந்த ஓடைக்கரை, விறகுக்காக வெட்டிவெட்டி இடைவெளி விழுந்த சோலை ஓரம் ஆகியவை தாமாக மீள நெடுங்காலம் ஆகும். அங்கே கன்று வைக்கிறோம்.

சோலை மரங்களின் விதை பெரும்பாலும் காயவைத்துச் சேமிக்க முடியாதது. உலர்ந்தால் உயிர் போய்விடும். காட்டு நாவலோ, இலவங்கத்தின் உறவான மரமோ, மலைச் செண்பகமோ, பழம் விழும் காலத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, பொறுக்கி, சதையைக் கழுவி, உடனே விதைக்க வேண்டும். முளைக்க மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். முளைக்கவில்லை என்று பையைக் கொட்டிவிடக் கூடாது. காட்டுப் பூவரசின் விதையோ தூசு போன்றது. அதை மண்ணில் புதைக்காமல் ஈரப்பாசியின் மேல் தூவ வேண்டும்.

நாற்று மண்ணில் சோலையடி இலைமக்கு ஒரு பிடி கலப்போம். வேரோடு கூடி வாழும் பூஞ்சை அதிலிருந்து வரும். இரண்டு மூன்று ஆண்டு நிழலில் வளர்ந்து, தண்டு கெட்டிப்பட்ட பிறகே கன்று மலையேறும். கோத்தகிரி கிழக்குச் சரிவு. தென்மேற்குப் பருவத்தை மட்டும் நம்பி இங்கே நட முடியாது, வடகிழக்குப் பருவமும் எங்களுக்குப் பெரும் மழை. எனவே மழை ஊறிய மண்ணைப் பார்த்து நடுவோம். தேதியைப் பார்த்து அல்ல.

உயரத்துப் புல்வெளியில் சோலைக்கன்று நடுவதில்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை விழும் உறைபனி திறந்தவெளிக் கன்றைக் கருக்கிவிடும். புல்லும் சோலையும் தத்தம் எல்லையில் நிற்பதற்கு அந்தப் பனியும் ஒரு காரணம். அங்கே தனித்து நிற்கத் தெம்புள்ள மரம் காட்டுப் பூவரசு. மற்றபடி புல்வெளிக்கு வேண்டியது புல்தான். எங்கள் பக்கம் புல்வெளியின் பெரும்பகுதி தேயிலையாகிவிட்டது. சாலையோர மேட்டிலும் பாறைச் சரிவிலும் மிஞ்சிய மலைப்புல்லிலிருந்து விதை எடுத்து, பையில் வளர்த்து, சீகை அகற்றிய மேட்டில் பத்தை பத்தையாக வைக்கிறோம். புகைப்படத்துக்கு எடுப்பான வேலையில்லை இது. நீருக்கு இதைவிட நல்ல வேலை குறைவு.

சதுப்புக்கு ஓய்வு

சதுப்பு தட்டையாக, கறுப்பு மண்ணோடு இருப்பதால் கேரட்டும் பீட்ரூட்டும் போட ஆசை வரும். நடுவே வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் சில ஆண்டுகள் நன்றாக விளையும். பிறகு கீழேயுள்ள ஊற்று இளைக்கும். பயிரிடுவதைக் கைவிட்ட ஒரு சதுப்பில் வேலை தொடங்கியபோது, அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்கள் குழுப் பையன் ஒருவனிடம் சொன்னார்: “தண்ணி வரணும்னு எல்லாரும் கேக்குறாங்க தம்பி. அது உக்கார எடத்த மொதல்ல குடுங்க.”

நாங்கள் செய்தது அதிகமில்லை. பழைய வடிகாலை ஒரே இடத்தில் அணைபோட்டு அடைக்காமல், இடைவெளி விட்டு மண்ணும் கல்லும் மரக்கட்டையும் வைத்துச் சிறு சிறு தடுப்புகளாக அடைத்தோம். ஒரே தடுப்பு என்றால் பெருமழை அதை அறுத்துக்கொண்டு போகும். கால்நடை மிதிக்காதபடி வேலி கட்டினோம். அவற்றுக்கு நீர் குடிக்க ஓரமாகத் தொட்டி வைத்தோம். கோரை தானாக வந்தது. தட்டான்களும் ஊசித்தட்டான்களும் வந்தன. மாலையில் தவளைச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

ஊற்றுக்கண்ணைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பி ‘பாதுகாப்பது’ பரவலாக நடக்கிறது. கசிவு வரும் பக்கத்திலேயே சுவர் வைத்தால் நீர் வேறு வழி தேடிக்கொள்ளும். தொட்டி வேண்டுமானால் கீழே கட்டலாம்; கசிவுக்கு மேலுள்ள சரிவைத் தொடாமல் விட வேண்டும். பூச்சிமருந்துப் பாட்டில்கள் அந்தச் சரிவில் கிடந்தால் அன்றே பொறுக்கியாக வேண்டும்.

அளப்பது

நல்லெண்ணம் இருந்தால் போதாது, அளவு வேண்டும். எங்கள் முறை எளியது. மார்ச், ஏப்ரலில், கோடைமழை விழும் முன், ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில், அதே பத்து லிட்டர் வாளியை ஊற்றின் கீழே பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறிப்போம். பக்கத்தில் அந்த ஆண்டின் மழையளவையும் எழுதுவோம். ஓராண்டுக் கணக்கு எதையும் சொல்லாது. நல்ல மழை பெய்த ஆண்டில் கெட்ட வேலையும் நன்றாகத் தெரியும். ஒரேயளவு மழை பெய்த இரண்டு ஆண்டுகளை, நடுவே சில ஆண்டு வேலைக்குப் பிறகு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

உயிர்களும் அளவுகோலே. ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிப் புழுக்கள் தூய நீரின் சாட்சி. சோலை ஓரத்தில் நீலகிரிச் சிரிப்பானின் குரல், நீர்விழும் பாறையருகே சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கை, கனி தின்ன வரும் நீலகிரிக் காட்டுப்புறா எல்லாம் நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு ஏறும். கல்லைப் பார்த்த பிறகு இருந்தபடியே திருப்பிவைக்கப் பிள்ளைகளுக்கு முதல் நாளே கற்றுத்தருகிறோம்.

ஊரோடு

காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி ஒரு களையைக்கூடத் தொடக்கூடாது. ஊர் நிலம், ஊராட்சி நிலம், தோட்ட ஓரம் என்றால் உரியவரிடம் பேசிய பிறகே கடப்பாரை. காட்டுமாடும் கரடியும் நடமாடும் மலை இது. நன்றாக விடிந்த பிறகு, பேசிக்கொண்டே, கூட்டமாகப் போவோம், வெயில் சாயும் முன் இறங்கிவிடுவோம்.

சீகையை அகற்றும்போது ஒரு கேள்வி கட்டாயம் வரும்: விறகுக்கு எங்கே போவது? அதைக் கேட்கும் அக்காக்கள் சோலைக்குப் பகைவர்கள் அல்லர். வெட்டிய சீகையை முறைப்படி அவர்களுக்கே கிடைக்கச் செய்தால், அடுத்த ஆண்டு சோலைக்குள் யார் அரிவாளோடு நுழைந்தாலும் முதலில் தடுப்பவர்கள் அவர்கள்தான். ஊர் சேராத காவல் நிலைக்காது.

கோத்தகிரியை ஒட்டிய லாங்வுட் சோலை இதற்கு எல்லோரும் பார்க்கக்கூடிய சான்று. சுமார் 116 ஹெக்டேர்தான். விறகுக்கும் மரத்துக்கும் வெட்டுப்பட்டுத் தேய்ந்துகொண்டிருந்த அந்தக் காட்டை உள்ளூர்ப் பாதுகாப்புக் குழுவினர் வனத்துறையோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் விடாமல் காத்தார்கள். இன்று சுற்றியுள்ள கிராமங்களுக்கு அது நீரூட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய 26 பறவை இனங்களில் 14 அங்கே காணப்படுகின்றன. 2024 ஜனவரியில் அது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உலகம் அங்கீகரிக்கும் முன்பே ஊர் அதைக் காத்துக்கொண்டிருந்தது என்பதுதான் நாம் கற்க வேண்டியது.

2022இல் தமிழ்நாடு அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களை அகற்றவும் வாழிடத்தை மீட்கவும் தனிக் கொள்கையே வெளியிட்டது. பணமும் எந்திரமும் அந்த வழியே வரும். வந்து போன பிறகு, முளைத்து நிற்கும் சீகை நாற்றைக் குனிந்து பிடுங்க உள்ளூர் ஆட்கள் தேவை.

உங்கள் ஊர்க் குழாயில் வரும் நீரின் தலைமாடு எங்கே என்று இந்தக் கோடையில் விசாரியுங்கள். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். எது அங்கே பிறந்த செடி, எது வந்து குடியேறியது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். மரம் நடு விழாவுக்கு யாராவது அழைத்தால், மூன்றாம் ஆண்டு இதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் உங்கள் பெயரைக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு தவறாமல் போங்கள்.